திருகோணமலையின் சிலைகளுக்கும் சுவரோவியங்களுக்கும் வரலாறு தேடுவது எப்படி?

திருகோணமலை நகரிலுள்ள சிலைகள், சுவரோவியங்கள், நினைவுக்கற்கள் ஆகியவற்றைப் பற்றி ஒரு தொகுப்பு எழுத விரும்புகிறீர்கள். இணையத்தில் தேடினால் கோணேசர் கோவிலையும் கடற்கரைகளையும் பற்றிய சுற்றுலாக் குறிப்புகளே திரும்பத் திரும்ப வருகின்றன, ஒரு சிலையைச் செய்தவர் யார் என்றுகூட எங்கும் எழுதப்படவில்லை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. தகவல் எங்கே கிடைக்கும் என்பது ஒன்று. கிடைத்ததில் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது மற்றொன்று. முதலாவதற்குக் கால்களும் பொறுமையும் போதும். இரண்டாவதற்கு ஒரு முறை வேண்டும். கிழக்கு மாகாணத்தில் நினைவுச்சின்னங்களையும் கோவில் ஓவியங்களையும் பதிவுசெய்யும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இரண்டுக்கும் விடை சொல்ல முயல்கிறேன்.

நகரம் முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சிறிய எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலில் தொடங்கி, கடற்கரையோரமாக காந்தி சிலையைக் கடந்து, பத்திரகாளி அம்பாள் கோவில் வழியாக மத்திய பேருந்து நிலையம் வரை நடந்தாலே நானூறு ஆண்டுகளில் இந்த நகரில் யார் யார் எதையெதை நிறுத்தி வைத்தார்கள் என்பதற்கான சான்றுகள் கண்ணில் படும். முதல் நடையில் எதையும் விளக்க முயலாமல், இருப்பவற்றை மட்டும் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் படமெடுத்து, அளவுக்கு ஓர் அடிக்கோலை அருகில் வைத்து ஒரு படம், சுற்றுப்புறம் முழுவதும் தெரிய ஒரு படம், பீடத்திலுள்ள எழுத்துகளுக்குத் தனியாக ஒரு படம் என்று வைத்துக்கொள்வது நல்லது. நாளையும் இடத்தையும் அன்றே எழுதிவிட வேண்டும். சுற்றுப்புறப் படத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பத்து ஆண்டு கழித்து அதிகம் பயன்படுவது அதுதான், ஏனென்றால் பின்னணியிலுள்ள கடைப் பலகையும் மின்கம்பமும் தேர்தல் சுவரொட்டியும் அந்தப் படத்தின் காலத்தைச் சொல்லிவிடும்.

அடுத்ததாக, பொருளைப் பொருளாகப் பார்க்கப் பழக வேண்டும். நம் பக்கத்துச் சிலைகளிற் பெரும்பாலானவை கம்பி கட்டிச் சீமெந்தில் வார்த்து, மேலே எனாமல் பூசப்பட்டவை. உப்புக்காற்று உள்ளே புகுந்து கம்பி துருப்பிடிக்கும்போது அது பருத்து, மேலுள்ள சீமெந்தை வெடிக்க வைக்கும். விரல் நுனி, மூக்குக் கண்ணாடியின் விளிம்பு, கைத்தடி போன்ற மெல்லிய பகுதிகளில் இந்த வெடிப்பு முதலில் தோன்றும். அங்கே பூச்சு உரிந்த ஓரத்தை ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வெள்ளிப் பூச்சுக்குக் கீழே பொன்னிறம், அதற்குக் கீழே வெள்ளை என அடுக்குகள் தெரியும். ஒவ்வோர் அடுக்கும் யாரோ ஒருவர் காசு செலவழித்து, ஏதோ ஒரு நினைவு தினத்துக்காகவோ திறப்பு விழாவுக்காகவோ புதுப்பித்ததன் அடையாளம். அடுக்குகள் இருப்பது உறுதி. எந்த அடுக்கு எந்த ஆண்டு என்பது வேறு சான்று கிடைக்கும்வரை ஊகம்தான். சுவரோவியங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வெயிலில் மலிவான சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், நீலம் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஆகையால் இன்று நீலமாகத் தெரியும் ஓவியத்தைப் பார்த்து ஓவியர் நீலத்தை விரும்பினார் என்று எழுதிவிட முடியாது. பழைய படம் ஒன்று கிடைத்தால்தான் முதலில் தீட்டிய நிறத்தைப் பற்றிப் பேசலாம். கூகுளின் வீதிக் காட்சிப் படங்கள் இலங்கைக்கு 2016 முதல் கிடைக்கின்றன. ஒரே இடத்தின் வெவ்வேறு ஆண்டுப் படங்கள் இருந்தால் அவற்றை ஒப்பிட்டு, ஒரு சுவர் எந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் தீட்டப்பட்டது என்பதைக் குறுக்கிக் கொண்டுவர முடியும்.

நான் கடைப்பிடிக்கும் முறை எளிமையானது. ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு தாளை நான்காகப் பிரித்து, நான் கண்ணால் கண்டது, எழுத்தில் இருப்பது, ஒருவர் வாயால் சொன்னது, நானாக ஊகிப்பது என்று தனித்தனியே எழுதுவேன். ஒரு பகுதியிலுள்ள செய்தி, சான்று இல்லாமல் இன்னொரு பகுதிக்கு நகரக் கூடாது. இந்த ஒழுங்கு ஏன் வேண்டும் என்பதற்கு நம் நகரமே இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகளைத் தருகிறது.

பிரெட்ரிக் கோட்டையின் வாசலில், பாண்டியரின் இணைக்கயல் சின்னத்துக்கு அருகே பொறிக்கப்பட்டிருக்கும் தமிழ் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். கோணேசர் கோவிலுக்குத் திருப்பணி செய்ததாக மரபு சொல்லும் மன்னன் குளக்கோட்டன்; "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் வெண்பாவை ஊரில் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பறங்கியர் (போர்த்துக்கேயர்) வந்து அந்தக் கோவிலை இடிப்பார்கள் என்ற தீர்க்கதரிசனமாக அது சொல்லப்படுகிறது. ஆனால் கல்லுக்கு முன்னால் நின்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இன்று அங்கே படிக்கக்கூடியவை துண்டு துண்டான சில எழுத்துகளே. முழு வெண்பாவாக நாம் சொல்வது, மரபில் வழங்கிவரும் பாடத்தைக் கொண்டு இடைவெளிகளை நிரப்பியது. அந்தப் பாடம் தவறு என்று நான் சொல்லவில்லை. எஞ்சிய எழுத்துகள் அதனோடு ஒத்துப்போகவே செய்கின்றன. ஆனாலும் கல்லில் இருப்பது ஒரு பகுதியிலும், மரபு தருவது இன்னொரு பகுதியிலும் எழுதப்பட வேண்டும். போர்த்துக்கேயர் 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலைமேலிருந்த கோவிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினார்கள் என்பது அவர்களுடைய பக்கத்துக் குறிப்புகளாலும் உறுதியாகும் செய்தி. அந்தப் பொறிப்பு எப்போது, யாரால் வெட்டப்பட்டது என்பதோ எழுத்தமைதியை, அதாவது எழுத்துகளின் வடிவத்தை, வைத்து அறிஞர்கள் வாதிடும் செய்தி. ஒரே கல்லைப் பற்றிய இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் ஒரே உறுதி கிடையாது.

இரண்டாவது எடுத்துக்காட்டு, கோணேசர் கோவில் நிற்கும் சுவாமி மலையிலுள்ள ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கால நினைவுத் தூண். பழைய கோவிலின் தூண் ஒன்றை எடுத்து அதில் ஒல்லாந்த மொழியில் பொறித்திருக்கிறார்கள் என்பது வழக்கு. காதலன் கப்பலேறிப் போனதைக் கண்டு பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண் மலையுச்சியிலிருந்து கடலில் குதித்தாள் என்ற கதையை வழிகாட்டிகள் இன்றும் உருக்கமாகச் சொல்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் அதை எழுதியதால் உலகறிந்த கதையாயிற்று. பொறிப்போ அந்தப் பெண்ணின் பெயரையும், அவள் நினைவாக 1687 ஏப்ரல் 24 அன்று நிறுவப்பட்டது என்பதையும் மட்டுமே சொல்கிறது. காதலும் இல்லை, குதித்தலும் இல்லை. தூணுக்கும் டெனன்ட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 170 ஆண்டுகள் இருக்கின்றன. கதையை நீக்கிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நினைவுச்சின்னத்தை மக்கள் எப்படி வாசித்தார்கள் என்பதும் அதன் வரலாறுதான். அதை 1687-இன் செய்தியாக எழுதாமல், 19-ஆம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் கிடைக்கும் கதை என்று எழுதுங்கள். இதுபோன்ற ஐரோப்பியர் காலப் பொறிப்புகளுக்கு ஒரு நல்ல துணை உண்டு. பென்றி லூயிஸ் என்ற அதிகாரி இலங்கையிலுள்ள கல்லறை, நினைவுக்கல் எழுத்துகளைத் தொகுத்து 1913-இல் அச்சிட்டார். இப்போது மழுங்கிப்போன எழுத்துகளை அவர் காலத்தில் இன்னும் தெளிவாகப் படிக்க முடிந்திருக்கிறது என்பதால், உங்கள் படத்தை அவருடைய வாசிப்போடு ஒப்பிடாமல் விடாதீர்கள்.

மழுங்கிய எழுத்தைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு முன்னரோ மாலை ஐந்தரைக்குப் பின்னரோ, வெளிச்சம் கல்லின் மேல் சாய்வாக விழும்போது பாருங்கள். அல்லது நிழலில் நின்று ஒரு கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில் ஏறக்குறைய ஒட்டிப் பிடித்து, விளக்கை மட்டும் மெல்ல நகர்த்தி, கைபேசியைத் தாங்கியில் அசையாமல் வைத்து ஐந்தாறு படங்கள் எடுங்கள். ஒரு படத்தில் மறைந்த கோடு அடுத்ததில் எழும். எழுத்துத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியைத் தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும் கல்லுக்குக் கேடு. கோட்டை வாசல் போன்ற தொல்பொருட் சின்னத்தில் அது சட்டப்படியும் குற்றமாகலாம். 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2-க்கு முற்பட்டவற்றைப் பாதுகாக்கிறது. மைப்படி (கல்லின் மேல் தாளை ஒட்டி மையால் எடுக்கும் எழுத்துப் படி) எடுக்க வேண்டுமானால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியோடு, பயிற்சி பெற்றவர்தான் எடுக்க வேண்டும்.

இனி, எழுத்தாவணங்களுக்கு வருவோம். இங்கே என் உறுதியான கருத்து ஒன்று உண்டு. ஓவியரின் பெயரைத் தேடித் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். சுவர் யாருடையது, நிலம் யாருடையது என்று தேடித் தொடங்குபவர்களுக்கு ஓவியரும் கிடைத்துவிடுகிறார். வீதியோரத்துச் சிலை என்றால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் ஒதுக்கு நிலத்தில் நிற்கிறதா, உள்ளூராட்சிச் சபையின் நிலத்திலா என்று முதலில் அறியுங்கள். அதன்பின் நகரசபையாக இருந்து இப்போது மாநகர சபையாகியிருக்கும் நம் சபையின் கூட்டறிக்கைகளையும் தீர்மானங்களையும் கேளுங்கள். நிலத்தைப் பற்றிய செய்திக்குப் பட்டணமும் சூழலும் பிரதேச செயலகமும், கடற்கரை அழகுபடுத்தல் போன்ற திட்டங்களுக்கு நகர அபிவிருத்தி அதிகார சபையும், விழாக்களுக்காகத் தீட்டப்பட்டவற்றுக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் போக வேண்டிய இடங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "அந்தக் கோப்பு பிரச்சினை நேரத்தில் போய்விட்டது" என்று, போர்க்காலத்தைச் சொல்லி, அடிக்கடி பதில் வரும். சில சமயம் அது உண்மைதான். ஆனாலும் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாள்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். "சிலை பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. "இந்தச் சந்தியிலுள்ள சிலைக்கு அனுமதியளித்த தீர்மானத்தின் பிரதி, செலவினச் சீட்டுகளின் பிரதி" என்று குறித்துக் கேளுங்கள். செலவினச் சீட்டில்தான் சிற்பியின் பெயர் இருக்கும்.

அச்சில் வந்தவற்றுள் நான் மிகவும் மதிப்பது கும்பாபிஷேக மலர்களையும் பாடசாலை ஆண்டு மலர்களையும்தான். கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, சண்முகா, புனித சூசையப்பர், மெதடிஸ்ட் என்று நூற்றாண்டு கண்ட பாடசாலைகள் பல இங்கே இருக்கின்றன. ஒரு சிலை திறக்கப்பட்ட ஆண்டின் மலரில் நன்றியுரைப் பகுதியைப் பாருங்கள். முதன்மைக் கட்டுரைகளில் அரசியல்வாதிகளும் அதிபரும் இருப்பார்கள். சிற்பியும், சீமெந்து உபயகாரரும், சாரம் கட்டியவரும் கடைசிப் பக்கத்து நன்றியுரையில் இருப்பார்கள். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் இத்தகைய மலர்கள் பல ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. அங்கே ஊர்ப் பெயராலும் பாடசாலைப் பெயராலும் கோவிற் பெயராலும் தனித்தனியே தேடுங்கள். நாளிதழ்களில் வீரகேசரி 1930-இலும் தினகரன் 1932-இலும் தொடங்கியவை. பழைய கட்டுகளைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். திறப்பு விழா நாளை ஏற்கெனவே பீடத்திலிருந்து எடுத்து வைத்திருந்தால் அந்த வாரத்து இதழ்களை மட்டும் புரட்டினால் போதும். நாள் தெரியாமல் போனால் வாரக்கணக்கில் அலைய நேரிடும்.

கோவில்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பத்திரகாளி அம்பாள் கோவிலின் உட்கூரைச் சுதைகளும் வண்ணங்களும் நகரின் மிகச் செறிவான கலைவேலைகளுள் சேரும் என்பது என் எண்ணம். எல்லாரும் நுழையக்கூடிய இடத்திலிருப்பதால் உங்கள் தொகுப்பில் அவற்றைச் சேர்க்கத் தயங்க வேண்டாம். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்காட்டுவது மரபு என்பதால், கோபுரத்தின் கட்டுமானம், சுதை, வண்ணம் மூன்றும் மூன்று வெவ்வேறு காலத்தவையாக இருக்கும். ஸ்தபதியின் பெயர் பொறித்த கல் எந்தத் திருப்பணிக்கு உரியது என்பதைப் பரிபாலன சபையிடம் கேட்டு உறுதிசெய்யாமல் முழுக் கோபுரத்தையும் அவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கோணேசர் கோவிலிலும் அப்படியே. 1950-இல் நகரில் கிணறு வெட்டும்போது கிடைத்த வெண்கலத் திருமேனிகள் பழங்கோவிலின் காலத்தவை; மலைமேல் இன்று நிற்கும் பெரிய சிவன் சிலையும் இராவணன் சிலையும் நம் காலத்தவை. சுற்றுலாக் குறிப்புகள் இவற்றை ஒரே பழமையாகக் கலந்துவிடுகின்றன.

வாய்மொழிச் சான்றுக்கு யாரிடம் போவது? விளம்பரப் பலகை எழுதிய பழைய ஓவியர்கள், ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்கள், மேடை அலங்காரமும் கோவிற் சப்பறமும் செய்தவர்கள், சந்தியில் நெடுநாள் கடை வைத்திருப்பவர்கள். இளைய ஓவியர்களைத் தேடினால் மட்டக்களப்பின் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தவர்கள் வழியாகப் போகலாம். "எந்த ஆண்டு?" என்று கேட்டால் பெரும்பாலும் பிழையான விடை வரும், அதுவும் மிகுந்த நம்பிக்கையோடு வரும். "64-ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்னா பின்னா, 83 கலவரத்துக்கு முன்னா, இந்திய இராணுவம் இருந்த நேரமா, சுனாமிக்கு முன்னா" என்று கேளுங்கள். நம் ஊரில் காலம் அப்படித்தான் நினைவில் நிற்கிறது. ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் எடுத்துச் சொல்லி "அப்படித்தானே?" என்று கேட்காதீர்கள். தனித்தனியே கேட்ட இருவர் ஒத்துச் சொன்னால் அதற்கு எடை உண்டு. ஒரே தேநீர்க்கடையில் ஒன்றாக இருந்து ஐவர் சொன்னாலும் அது ஒரு சான்றுதான்.

கடினமான பகுதிக்கு வருகிறேன். இந்த நகரில் ஒரு சிலை எங்கே நிற்கிறது என்பதே பல சமயங்களில் வழக்காக இருந்திருக்கிறது. 2005 மே மாதத்தில் மத்திய பேருந்து நிலையத்துக்கு அருகில், மணிக்கூட்டுக் கோபுரத்தை ஒட்டி ஒரு புத்தர் சிலை இரவோடிரவாக வைக்கப்பட்டதும், கடையடைப்பு நடந்ததும், விவகாரம் நீதிமன்றம் வரை போனதும் பதிவிலுள்ள செய்திகள். இதை எழுதும்போது தமிழ் நாளிதழ்களை மட்டும் வாசித்து நிறுத்திவிடாதீர்கள். அதே வாரத்துச் சிங்கள, ஆங்கில இதழ்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது நடந்தது என்பதில் அவை பெரும்பாலும் ஒத்துப்போகும். அந்த நிலம் யாருடையது, அனுமதி இருந்ததா என்பதில் பிரியும். அந்தப் பிரிவைத் தீர்க்க இதழ்கள் போதா, நீதிமன்ற ஆவணமும் நில ஆவணமும் வேண்டும். சிங்கள மூலங்களை நான் நம்பகமான ஒருவரின் துணையோடுதான் வாசிக்கிறேன். உங்களுக்கும் அந்த மொழி தெரியாதென்றால் அத்தகைய ஒருவரைத் தொடக்கத்திலேயே தேடிக்கொள்ளுங்கள், மூன்று இனத்தவர் வாழும் நகரின் சான்றுகளில் பெரும்பங்கை அல்லாவிட்டால் இழப்பீர்கள்.

காந்தி சிலை வேறு வகையானது. அதைச் செய்தவர் யார், திறந்தவர் யார் என்பதோடு அதன் வரலாறு முடிந்துவிடாது. 2006 ஜனவரி 2 அன்று மாலை அந்தச் சிலைக்கு அருகில் கடற்கரையில் இருந்த மாணவர்கள் ஐவர் கொல்லப்பட்டார்கள். அந்த நாளில் அங்கே கூடி விளக்கேற்றுவது செய்திகளில் பதிவாகி வந்திருக்கிறது. ஒரு சிலையைச் சுற்றியுள்ள இடம் சிற்பி நினைத்தே பாராத பொருளைப் பெற்றுவிடுகிறது. ஆகவே உங்கள் தாளில் நிறுவிய நாளுக்குக் கீழே, அந்த இடத்தில் பின்னர் நடந்தவற்றுக்கும் இடம் விடுங்கள். அதைக் குடும்பத்தினரிடம் கேட்க நேர்ந்தால், பேச மறுப்பதற்கும் பேசியதைப் பின்னர் நீக்கச் சொல்வதற்கும் அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

இல்லாமற்போனவற்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். 2019-இன் இறுதியில் சனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் மதில்களில் ஓவியம் தீட்டினார்கள். அவற்றில் பல வெளுத்துவிட்டன, பல சுவரொட்டிகளுக்கும் வெள்ளையடிப்புக்கும் கீழே போய்விட்டன. எதைத் தீட்டினார்கள், எந்த மொழியில் எழுதினார்கள், எந்தச் சுவர்களைத் தொடாமல் விட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் காலத்தைப் பற்றிய சான்று. தீட்டிய இளைஞர்களின் கைபேசிகளில் படங்கள் இன்னும் இருக்கும். கைபேசி பழுதாகும்போது அவையும் போய்விடும் என்பதால், இந்த வேலையைக் கோட்டை வாசலுக்கும் முன்னதாகச் செய்யச் சொல்வேன். கல் காத்திருக்கும்.

நடைமுறைச் செய்திகள் இரண்டு. கோட்டைக்குள் இராணுவ முகாமும், உட்துறைமுகப் பக்கம் கடற்படைத் தளமும் இருப்பதால், அனுமதிக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, காவலில் நிற்பவரிடம் முதலில் பேசிவிட்டுப் படமெடுங்கள். முகாமின் கட்டடம் எதுவும் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமையைப் பொறுத்தவரை நான் வழக்கறிஞன் அல்ல. ஆனால் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. ஆகவே வாழும் ஓவியர்களின் சுவர்களைப் புத்தகமாக அச்சிடுவதற்கு முன் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் பெறுங்கள். பணி முடிந்ததும் படங்களின் மூலப்பிரதிகளை, குறைத்த அளவில் அல்லாமல் எடுத்த அளவிலேயே, நூலகம் நிறுவனத்துக்கும் நகரின் பொது நூலகத்துக்கும் கொடுங்கள். நான்கு பகுதிகளாகப் பிரித்த தாள்களையும் திருத்தி அழகுபடுத்தாமல் அவற்றோடு சேர்த்தே கொடுங்கள். உங்கள் ஊகம் எங்கே தொடங்கியது என்பது தெரிந்தால்தான் அடுத்து வருபவர் அதைச் சோதிக்க முடியும்.